ஓடாத ஹெரால்டு என்ன விலை பெறும்?

ராஜபாளையம் பக்கம் பழைய கார் தேடுகிறவருக்கு வரும் போன் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். "அண்ணாச்சி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ரெண்டு டோரு. மில்லுக்காரங்க வீட்டு வண்டி, ஒரே ஓனரு. மீட்டர் முப்பதாயிரத்தத் தாண்டல. வெயிலு மழை படாம செட்டுக்குள்ளயே நின்னது." விலையைக் கடைசியில்தான் சொல்வார்கள். அந்தப் பணத்துக்குப் புது வண்டியே வாங்கிவிடலாமே என்று கேட்பவருக்குத் தோன்றும். புரோக்கருக்கும் அது தெரியும். "புதுவண்டிய எவன் வேணும்னாலும் வாங்கலாம் அண்ணாச்சி" என்ற பதிலை அவர் நாக்கு நுனியில் வைத்திருப்பார்.

அவர் சொல்வதில் பாதி நிஜம். எந்தப் பாதி என்று பிரித்துப் பார்க்க, இந்தக் கார் எங்கே பிறந்து எப்படி மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தது என்று தெரிந்திருக்க வேண்டும்.

பிறந்த இடம் இங்கிலாந்தின் காவென்ட்ரி. 1950களின் நடுவில் அங்கிருந்த ஸ்டாண்டர்டு-டிரையம்ப் கம்பெனிக்கு ஒரு சங்கடம். காரின் உடலை ஒரே கூடாக அழுத்தி எடுத்துத் தந்துகொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தைப் போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட்டது. புதிதாக வரப்போகும் சின்னக் காருக்குக் கூடு செய்து தர ஆளில்லை. அன்று ஊரெல்லாம் சேசிஸ் இல்லாத காருக்கு மாறிக்கொண்டிருந்தபோது, ஸ்டாண்டர்டு-டிரையம்ப் வேறு வழியின்றிப் பழைய முறைக்கே திரும்பியது. கீழே தனி சேசிஸ். மேலே பல பட்டறைகளில் செய்த துண்டுகளை போல்ட் போட்டு முடுக்கிய உடல். ஆனால் அந்த உடலை வரைந்து கொடுத்தவர் இத்தாலியின் டுரின் நகரத்து ஜியோவானி மிக்கெலொட்டி. அதனால் கட்டாயத்தில் பிறந்த வண்டி அழகாகவே பிறந்தது. 1959 ஏப்ரலில் லண்டனில் அறிமுகமானது. கம்பெனியின் நிர்வாக இயக்குநர் ஆலிக் டிக் தம் படகுக்கு வைத்திருந்த பெயரே வண்டிக்கும் கிடைத்தது: ஹெரால்டு.

948 சி.சி. எஞ்சின், சுமார் 35 குதிரைத்திறன். இன்றைய கணக்கில் ஒன்றுமே இல்லை. மற்றதெல்லாம் விசேஷம்தான். பானெட் மட்டும் தனியாகத் திறக்காது. மட்கார்டு, ஹெட்லைட்டோடு முன்பக்கம் முழுவதும் முன்னோக்கிக் கவிழும், எஞ்சினின் இரண்டு பக்கமும் நின்று வேலை பார்க்கலாம். முன் சக்கரம் அவ்வளவு ஒடிந்து திரும்பும். 25 அடி விட்டத்துக்குள் வண்டி சுற்றி வந்துவிடும். பின்சக்கரங்கள் இரண்டும் தனித்தனியாக ஏறி இறங்கும். இதே சேசிஸைக் குறுக்கி 1962-இல் டிரையம்ப் ஒரு இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரை இறக்கியது. அதுதான் ஸ்பிட்ஃபயர், அதையும் வரைந்தவர் மிக்கெலொட்டியே. ஆக, ஹெரால்டு ஸ்போர்ட்ஸ் கார் இல்லை. ஸ்போர்ட்ஸ் காருக்கு அண்ணன். ஸ்பிட்ஃபயர் நம் நாட்டில் தயாராகவில்லை. லைசென்ஸ் ராஜ்ஜியத்தில் நமக்கு வாய்த்தது அண்ணன்தான்.

அந்த அண்ணன் வந்து இறங்கிய இடம் சென்னைக்குத் தெற்கே வண்டலூர். 1948-இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, வேன்கார்டில் ஆரம்பித்து ஸ்டாண்டர்டு 8, 10 என்று சின்ன வண்டிகளுக்கு வந்து, 1961-இல் ஹெரால்டைத் தொட்டது. காவென்ட்ரியில் கூடு கிடைக்காத குறை வண்டலூருக்கு வரமாகிவிட்டது. பெட்டிகளில் வந்து இறங்கும் பாகங்களை முடுக்கிச் சேர்ப்பதற்கு இதைவிடத் தோதான கார் கிடையாது. அதோடு சென்னையைச் சுற்றி அப்போதுதான் ஒரு பாகத் தொழில் முளைத்துக்கொண்டிருந்தது: பிஸ்டனுக்கு செம்பியத்தில் 1949 முதலே இந்தியா பிஸ்டன்ஸ், சக்கரத்துக்கு 1960-இல் வீல்ஸ் இந்தியா, டைனமோவுக்கும் மோட்டாருக்கும் 1961-இல் பாடியில் லூகாஸ்-டிவிஎஸ், பிரேக்குக்கு 1962-இல் பிரேக்ஸ் இந்தியா. வெளிநாட்டுப் பாகம் குறையக் குறைய உள்ளூர்ப் பெயர் பொறித்த பாகம் ஏறியது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இங்கே அது டிரையம்ப் ஹெரால்டு அல்ல, ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வேடிக்கை என்னவென்றால் காவென்ட்ரியில் ஸ்டாண்டர்டு என்ற பெயரில் கார் வருவது 1963-இலேயே நின்றுபோனது. வண்டலூரில் அந்தப் பெயர் இன்னும் கால் நூற்றாண்டு வாழ்ந்தது.

அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு. இந்த மூன்றை விட்டால் அன்று புதுக்கார் இல்லை. மூன்றின் விலையையும் 1969-இல் அரசே கட்டுப்படுத்தியது. கம்பெனிகள் உச்ச நீதிமன்றம் போயின. விலையை ஆராய ஒரு விசாரணைக் கமிஷனே உட்கார்ந்தது. ஒரு ஹெரால்டுக்கு நியாயமான விலை என்ன என்ற கேள்வியை இந்தியக் குடியரசு நீதிபதிகளைக் கொண்டு யோசித்திருக்கிறது. இன்று அதே கேள்வியை ஒரு புரோக்கரும் வாங்குகிறவரும் டீக்கடை பெஞ்சில் தீர்த்துக்கொள்கிறார்கள்.

ராஜபாளையம் மாதிரி ஊருக்கு இந்த வண்டி வந்ததில் ஆச்சரியம் இல்லை. 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸுக்குப் பிறகு ஊரின் பணமே பஞ்சிலும் நூலிலும் சுழன்றது. மில் உரிமையாளர், பஞ்சுக் கமிஷன்காரர், டாக்டர், வக்கீல் என்று கார் வைத்துக்கொள்ளும் ஆட்கள் இருந்தார்கள். குடும்பத்துக்கு அம்பாசடர்; வீட்டில் காலேஜ் முடித்த பையனோ தானே ஓட்டப் பிரியப்படும் டாக்டரோ இருந்தால் ஹெரால்டு. அன்றைக்கு வாங்கக் கிடைத்த மூன்றில் ஓட்டுகிறவருக்காக வரையப்பட்ட வண்டி அது ஒன்றுதான் என்பது என் அபிப்பிராயம். அம்பாசடர்காரர்கள் சண்டைக்கு வரலாம்.

ஆனால் நம் ரோடு அதற்கு ஒத்துவரவில்லை. மதுரையிலிருந்து திருமங்கலம், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சிவகிரி, தென்காசி என்று செங்கோட்டைக்குப் போகும் சாலையில் குற்றால சீசனுக்கு ஏழெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு போனால், தனித்தனியாக ஆடும் அந்தப் பின்சக்கரங்கள் பாரம் தாங்காமல் மேல்பக்கம் உள்ளே சாய்ந்துவிடும். டயர் ஒருபக்கமாகத் தேயும். வேகமாக வளைவில் போகும்போது பயந்துபோய் ஆக்சிலரேட்டரை விட்டால் சக்கரம் எதிர்ப்பக்கம் மடங்கி, பின்பாகம் துள்ளும். அம்பாசடரில் பழகிய மெக்கானிக்குகள் "இது கட்டாது சார்" என்று கைவிரித்தார்கள். வண்டலூரும் இதைக் கண்டுகொண்டது. முதலில் இந்தியாவுக்கென்றே நாலு கதவு மார்க் 3 செய்தார்கள். 1972-இல் வந்த கெஸலில் ஒரே தண்டான சாதாரண ஆக்சில் போட்டார்கள். பாரம் தாங்கியது, அழகு போனது. பிரிட்டனில் ஹெரால்டின் எஞ்சின் 1147, பிறகு 1296 சி.சி. என்று வளர்ந்து, 1971-இல் வண்டியே நின்றுவிட்டது. இங்கே கடைசிவரை அதே 948. கெஸலும் 1977-இல் முடிந்தது. ரோவர் உடலுக்குள் பழைய வேன்கார்டு வம்ச எஞ்சினை வைத்து 1985-இல் வந்த ஸ்டாண்டர்டு 2000 யாரையும் ஏமாற்றவில்லை. 1988-இல் உற்பத்தி நின்றது, ஆலை மூடப்பட்டது.

அதற்குள் மாருதி 800 வந்துவிட்டது. வீட்டு ஹெரால்டு செட்டுக்குள் போனது. மில் வளாகங்களில் இடத்துக்குப் பஞ்சமில்லை, அப்பா வாங்கிய வண்டியை எடைக்குப் போட மனமும் வரவில்லை. இந்த இரண்டு காரணங்களால்தான் நிறைய வண்டிகள் பிழைத்தன. மூன்றாவது காரணம் ஊரின் காற்று. சென்னையிலும் தூத்துக்குடியிலும் உப்புக் காற்று தகரத்தைத் தின்னும். மலையடிவாரத்து ஊருக்கு அந்த வியாதி இல்லை. "ராஜபாளையம் வண்டி, துரு இருக்காது" என்று புரோக்கர் சொல்வதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது.

இப்போது அந்த முப்பதாயிரம் கிலோமீட்டருக்கு வருவோம்.

அந்த எண்ணை நான் நம்புவதுமில்லை, உதறித் தள்ளுவதுமில்லை. கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய் ஆண்டாளைச் சேவித்து, பால்கோவா வாங்கித் திரும்பினால் சுமார் 25 கிலோமீட்டர். வாரம் ஒருமுறை என்றால் ஆண்டுக்கு 1300. இருபது ஆண்டு ஓட்டினாலும் 26,000தான். ஆக, கோவிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுத்த வண்டி முப்பதாயிரத்தில் நிற்பது நடக்கக்கூடியதே. அதே வண்டியைப் பற்றி இன்னொரு கதை சொல்வார்கள் பாருங்கள்: "அய்யா இதுலதான் மெட்ராஸ் போயிட்டு வருவாக." ராஜபாளையத்திலிருந்து சென்னை ஒரு நடைக்கு ஏறக்குறைய 550 கிலோமீட்டர், போய்வர 1100. இருபத்தேழு தடவை போய்வந்தாலே முப்பதாயிரம் தீர்ந்தது. பிறகு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எதில் போனார்கள்? இரண்டு கதையும் ஒரே வண்டிக்குப் பொருந்தாது. வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தால் மீட்டர் சொல்லாததை அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

மீட்டர் என்பது ஐந்து இலக்கம். 99,999 தாண்டினால் திரும்பவும் பூஜ்யம். 30,000 என்று தெரிவது 1,30,000 ஆகவும் இருக்கலாம். பின்னால் இருக்கும் கேபிளைக் கையாலேயே கழற்றிவிடலாம். கழற்றினால் வண்டி ஓடும், மீட்டர் ஓடாது. பழைய வண்டியில் மைல் கணக்கா, கிலோமீட்டர் கணக்கா என்று டயலையும் ஒருமுறை பாருங்கள். எண்ணுக்குச் சாட்சி வண்டி முழுக்க இருக்கிறது. கிளட்ச், பிரேக் பெடலின் ரப்பர் வரிகள் தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தால், அது ஒரு லட்சத்தின் வேலை. புத்தம்புது ரப்பர் போட்டிருந்தால் அதைவிடச் சந்தேகம். டிரைவர் பக்கக் கதவைத் திறந்து லேசாகத் தூக்கினால் ஆடுகிறதா? ஹெரால்டின் இரண்டு கதவும் நீளம், கனம். கீல்தான் முதலில் தொய்யும். ஸ்டியரிங் வளையத்தில் கை பிடிக்கும் இடம், சாவித் துவாரத்தின் வாய், டிரைவர் சீட்டு ஸ்பிரிங் எல்லாம் ஒரே வயதைச் சொல்ல வேண்டும். ஒன்று மட்டும் இளமையாக இருந்தால் அதை மாற்றியிருக்கிறார்கள்.

பிறகு பானெட்டைக் கவிழ்த்துப் பாருங்கள். உடல் துண்டுகளை முடுக்கிய போல்ட் தலைகளில் கம்பெனி பெயின்ட் உடையாமல் இருக்கிறதா, ஸ்பேனர் பட்ட தடம் இருக்கிறதா என்பதே பாதித் தீர்ப்பு. டைனமோவில் என்ன பெயர் பொறித்திருக்கிறது? 1962-இல் பதிவான வண்டியில் இங்கிலாந்து லூகாஸ் இருந்தால் அழகு. எழுபதுக்கு நெருங்கிய வண்டியில் லூகாஸ்-டிவிஎஸ் இருந்தால்தான் அது அசல். வெளிநாட்டுப் பாகம் போட்டு "ஒரிஜினல் இம்போர்ட்டடு" என்று விலை ஏற்றுவார்கள். வண்டலூர் வண்டிக்குப் பாடி டைனமோவே குலம் கோத்திரம்.

கீழே படுத்துப் பார்க்காமல் ஹெரால்டு வாங்கவே கூடாது. சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள்தான் முதலில் துருப்பிடிக்கும். மேலே பட்டி போட்டுப் பெயின்ட் அடித்து, டிங்கர் கண்ணாடி மாதிரி ஆக்கியிருந்தாலும் இந்த இடம் பொய் சொல்லாது. முன்சக்கரம் திரும்பும் மூட்டு இன்னொன்று. டிரன்னியன் என்று பெயர். அதற்குக் கிரீஸ் அடிக்கக் கூடாது, 90 நம்பர் கியர் ஆயில்தான் விட வேண்டும். நம்மூர் சர்வீஸ் ஸ்டேஷனில் கிரீஸ் கன் பிடித்தவர் எல்லா நிப்பிளிலும் கிரீஸ் அடிப்பதுதான் வழக்கம். கிரீஸ் உள்ளே இறுகி, மூட்டு பிடித்து, ஒருநாள் ஒடிந்து சக்கரம் மடங்கும். ஓடாத வண்டியிலும் அது நடக்கும். ஏனென்றால் உள்ளே துரு ஓய்வெடுப்பதில்லை.

குறைந்த ஓட்டம் என்ற பெருமைக்குள் ஒளிந்திருக்கும் செலவும் இதுதான். முப்பது வருடம் நின்ற காரில் வீல் சிலிண்டர் பிடித்திருக்கும், பெட்ரோல் டேங்கில் துரு, கார்புரேட்டரில் பிசின், ரப்பர் குழாய்கள் விரலால் அழுத்தினாலே பிளக்கும். புதுக் குழாய் போட்டாலும் இன்று பங்கில் வருவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல்; பழைய வகை ரப்பர் அதில் ஊறிக் கெடும், ஆகவே எத்தனால் தாங்கும் குழாய் தேட வேண்டும். டயரில் தடம் புதிதாக இருக்கும், ரப்பர் கல்லாகியிருக்கும். 2000-க்குப் பிந்திய டயர் என்றால் பக்கத்தில் தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும் நாலு இலக்கம் இருக்கும். இல்லையென்றால் அந்த நூற்றாண்டு டயரோடு ஊருக்குக் கிளம்பாதீர்கள். வயரை எலி என்ன செய்திருக்கும் என்பது செட்டுக்குச் செட்டு மாறும். பாகம் தேடி சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுக்கும் புதுப்பேட்டைக்கும் நடக்க வேண்டும். எஞ்சின் பாகம் பிரிட்டனில் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது, ஸ்பிட்ஃபயர்காரர்கள் புண்ணியம். இந்திய நாலு கதவு மார்க் 3-இன் பின்கதவு உடைந்தால் உலகத்தில் எங்கும் கிடைக்காது, இங்கே இன்னொரு வண்டியிலிருந்து கழற்றினால்தான் உண்டு.

"ஸ்போர்ட்ஸ் மாடல், கூரை கிடையாது" என்று ஒரு வண்டி வந்தால் இரட்டிப்புச் சந்தேகம் வேண்டும். ஹெரால்டின் கூரையே போல்ட்டில் நிற்பது. கழற்றிவிட்டு ஒரு துணியை மாட்டி ஸ்பிட்ஃபயரின் தம்பி என்று விற்பது சுலபம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கம்பெனி செய்த அமைப்பை இப்படி மாற்றுவதைத் தடுக்கிறது. ஆர்.சி. புக்கில் எழுதியிருக்கும் உடல் வகையும் எதிரே நிற்பதும் ஒன்றா என்று பார்த்தால் போதும்.

ஆர்.சி. என்றதும் எல்லாரும் சலிப்பார்கள். எனக்கு அதுதான் வண்டியின் சரிபாதி. 'எம்.எஸ்.', 'எம்.டி.' என்று தொடங்கும் பழைய எண், முதல் ஓனரின் பெயர், சேசிஸ் எண், எஞ்சின் எண் நான்கும் ஒத்துப்போக வேண்டும். முதல் ஓனர் காலமாகியிருந்தால் வாரிசுகள் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். மதுரையில் இருக்கும் அண்ணன் சரி என்றாலும் அமெரிக்காவில் இருக்கும் தங்கை சம்மதம் இல்லாமல் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காகிதம் நகராது. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி 50 ஆண்டு தாண்டிய வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், எண்ணில் 'வி.ஏ.' சேரும். கண்காட்சிக்கும் ராலிக்கும் எடுக்கலாம், தினமும் ஓட்டக் கூடாது. சேசிஸ், உடல், எஞ்சினில் பெரிதாகக் கை வைத்திருக்கக் கூடாது என்பதும் அந்த விதியிலேயே இருக்கிறது. அசல் தன்மைக்கு அரசே மதிப்புக் கொடுத்த இடம் இது. ஹெரால்டு எல்லாமே இப்போது அந்த வயதைத் தொட்டுவிட்டன.

வெளிநாட்டு ஏலங்களைக் காட்டி விலை சொல்கிறவர்களும் உண்டு. 1995-இல் ஜப்பானுக்குப் போன ஒரு மெக்லாரன் எஃப்1, வெறும் 243 மைல் ஓடிய நிலையில், 2021 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் பெபிள் பீச்சில் 2 கோடி டாலருக்கு மேல் போனது. நிஜம்தான். ஆனால் அந்த மாடலில் மொத்தம் செய்ததே 106 வண்டி. ஒவ்வொன்றும் எங்கே நின்றது, யார் சர்வீஸ் செய்தார் என்பதற்குக் காகிதம் இருக்கிறது. அங்கே குறைந்த மைல் என்பது நிரூபித்த உண்மை. இங்கே அது புரோக்கரின் வாய்ச்சொல். நிரூபணத்துக்குத்தான் காசு, மைலுக்கு இல்லை.

என் கணக்கு இது. ஓடுகிற, பழுது பார்க்கப்பட்ட, சுமாரான ஹெரால்டு ஒன்றின் இன்றைய விலையை விசாரியுங்கள். செட்டில் நிற்கும் வண்டியை ரோட்டுக்குக் கொண்டுவரும் செலவை மெக்கானிக்கிடம் எழுதி வாங்கி அதிலிருந்து கழியுங்கள். பிறகு, காசு கொடுத்தாலும் திரும்ப உண்டாக்க முடியாதவற்றுக்கு மட்டும் கூட்டுங்கள்: உடையாத கம்பெனி பெயின்ட், முதல் சீட் துணி, அசல் கண்ணாடி, டூல் பை, வாங்கிய ரசீது, சர்வீஸ் கூப்பன் புத்தகம், முதல் ஓனரின் பெயரிலேயே இருக்கும் ஆர்.சி. இத்தனையும் இருந்தால், இரண்டு கதவு மார்க் 1 ஹெரால்டுக்கு நல்ல வண்டியின் விலையைப்போல் இரண்டு மடங்கு கொடுத்தாலும் தப்பில்லை என்பேன். அப்படி ஒன்று இனி வண்டலூரிலிருந்து வராது. இவற்றில் பெயின்டும் காகிதமும் இல்லாமல், மீட்டரில் முப்பதாயிரம் மட்டும் இருந்தால் அந்த எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட அதிகம் தர வேண்டாம். பளபளவென்று புதுப் பெயின்ட் அடித்து "லோ கிலோமீட்டர்" என்று சொன்னால் பேச்சையே அங்கே நிறுத்திவிடலாம். முப்பதாயிரம் ஓடி நிழலில் நின்ற வண்டிக்குப் பெயின்ட் அடிக்க என்ன அவசியம் வந்தது?

மறுபடி போன் வந்தால் விலையைப் பேசாதீர்கள். சேசிஸ் எண்ணின் போட்டோவும் ஆர்.சி.யின் இரண்டு பக்கமும் அனுப்பச் சொல்லுங்கள். வந்தால், ஒரு பழைய வேட்டியும் டார்ச் லைட்டும் எடுத்துக்கொண்டு காலையிலேயே பஸ் ஏறுங்கள். கீழே படுத்துப் பார்த்து எழுந்த பிறகுதான் அட்வான்ஸ்.